வங்கி விற்கும் வெற்று வீடு

கடனுக்கு ஈடாக வைத்த வீடு மீட்கப்படாவிடின், வங்கி அதனை ஏலத்தில் விற்கலாம். இலங்கையில் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், வழக்குத் தொடராமலே இவ்வாறு விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்கு அளித்தது. 'பராட்டே' என வழங்கும் இம்முறையில், தக்க கேள்வி இல்லாதபோது வங்கியே வீட்டை வாங்கிப் பின்னர் விற்பதும் உண்டு. சிலாபம் முதல் கற்பிட்டி வரையுள்ள புத்தளக் கரையில் அத்தகைய வீட்டை வாங்க விழைவோர், விலைக்குறைவு கண்டு மயங்குதல் ஆகாது. ஆளில்லாத வீட்டில், குறையை எடுத்துச் சொல்லவும் ஆளில்லை.

முதற்பகை உப்பு. கடற்காற்றின் உப்பு கொங்கிறீற்றினுள் ஊடுருவி இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு இரும்பினும் மிகுதியான இடங்கொள்வதாதலின், கொங்கிறீற்று கம்பியின் வழியே நீளமாகப் பிளக்கும். வளையையும் கூரைத் தட்டையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தல் வேண்டும். உட்குடைந்த ஒலி எழுமாயின் ஆங்கே பழுதுண்டு. வீடெங்கும் மங்கிக் கிடக்க, ஓரறை மட்டும் புதுவர்ணம் பூசப்பட்டிருப்பின், அவ்வறையையே முதலில் ஐயுறுக. கதவு நிலைகளின் அடிப்பாகத்தைக் கூரிய ஆணியாற் குத்தினால் கறையான் அரித்தமை புலப்படும்.

கிணறு இதனினும் பெரிய காரியம். கற்பிட்டிக் குடாநாட்டின் மணலில் மழைநீர், உவர்நீரின்மேல் மெல்லிய படையாய் நிற்கின்றது. மிகுதியாய் இறைத்தால் உவர் மேலேறும். நெடுநாள் இறையாத கிணற்றின் முதல் வாளி இனிக்கக்கூடும். சில மணிநேரம் இறைத்தபின் சுவைப்பதே முறை. மழை ஓய்ந்த தை மாதத்தினும் ஆவணி வறட்சியிற் பார்ப்பது நன்று. அயலில் வெங்காயம், மிளகாய்த் தோட்டங்கள் இருப்பின், உரத்தின் நைத்திரேற்று நீரிற் கலந்திருத்தல் கூடும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை, காய்ச்சினாலும் நீங்காது, பச்சிளங் குழந்தைகளுக்கு ஊறு விளைப்பது. ஆய்வுகூடச் சோதனையே அதனைக் காட்டும்.

உறுதியையும் காணிப் பதிவகப் பதிவுகளையும் நொத்தாரிசு ஒருவரைக் கொண்டு ஆராய்க. நில அளவையாளர் எல்லைக் கற்களைப் படத்துடன் ஒப்பிடுதல் வேண்டும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி, கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரையுள்ள நிலம் கரையோர வலயமாதலின், பின்னர் கட்டிய அறைகளுக்கு அனுமதி பெறப்பட்டதா என்பதும் கேட்கற்பாலது.

பூட்டிய வீட்டின் கொல்லையில் துணி உலர்ந்தால், அங்கு எவரோ குடியிருக்கின்றனர் என அறிக. ஏலத்தில் எடுத்தவர் விற்பனைச் சான்றிதழைக் காட்டி மாவட்ட நீதிமன்றத்தில் உடைமைக் கட்டளை பெறலாம். ஆயினும் அதற்கு ஆகும் காலத்தையும் செலவையும் விலை பேசுமுன்னரே கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.