மரச்சட்டக வீடும் சீமெந்துக்கல் வீடும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் முன்னைய இரண்டிலும் நேரும் பிழையை விரைவிலே திருத்திக் கொள்ளலாம். உறையுளில் நேரும் பிழையோ கட்டியவனை மட்டுமன்றி அவன் மக்களையும் தொடர்ந்து வருத்தும். பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பொருளும், அதன்மேற் பட்ட கடனும் ஒருங்கே சென்று சேரும் இடம் வீடே. ஆதலின், அதனை எப்பொருளாற் கட்டுவது என்பது ஆராய்ந்து துணிதற்குரியதாகும்.

அயர்லாந்திலே புதுமனை கட்டப் புகுவோர் பலர்முன் இவ்வினா இன்று நிற்கின்றது. தொழிற்சாலையிற் செய்து கொணரும் மரச்சட்டகத்தை நிறுத்துவதா, அன்றி மனைநிலத்திலேயே சீமெந்துக் கற்களை அடுக்கிக் கட்டுவதா என்பதே அவர்தம் ஐயம். அந்நாட்டிற் சீமெந்துக்கல் வீடே நெடுங்காலம் பெருவழக்காயிருந்தது. அண்மையிலுள்ள ஸ்கொத்லாந்திலோ புதிய வீடுகளிற் பெரும்பாலானவை மரச்சட்டகத்தாலேயே எழுகின்றன. மழையும் காற்றும் குளிரும் இரு நாட்டிற்கும் ஏறக்குறைய ஒன்றே. எனவே, காலநிலை மட்டும் இதனை முடிவுசெய்யவில்லை என்பதும், தொழிலாளர் பயிற்சியும் மக்களின் நம்பிக்கையும் பெரும்பங்கு கொண்டன என்பதும் பெறப்படும்.

முதற்கண் இரண்டின் அமைப்பையும் நோக்குவோம். அந்நாட்டுச் சீமெந்துக்கல் வீட்டின் புறச்சுவர் உண்மையில் இரு சுவர்களாகும். 440 மில்லிமீற்றர் நீளமும் 215 மில்லிமீற்றர் உயரமும் 100 மில்லிமீற்றர் தடிப்புமுள்ள கற்களால் அவை இணையாக எழுப்பப்படும். இடையே ஒரு வெளி விடப்படும். வெளிச்சுவரை ஊடுருவும் மழைநீர் அவ்வெளியில் இறங்கி அப்பாற் செல்லும், உட்சுவர் நனையாது. குளிர்தடுக்கும் காப்புப்பொருளும் அவ்வெளியிலேயே இடம்பெறும்.

மரச்சட்டக வீட்டிலே பாரந் தாங்குவன மரச்சட்டங்களே. பெரும்பாலும் 140 மில்லிமீற்றர் அகலமுள்ள சட்டங்களை 400 அல்லது 600 மில்லிமீற்றருக்கு ஒன்றாக நிறுத்தி, மரச்சீவல்களை அழுத்திச் செய்த பலகையை அவற்றின்மேல் அறைந்து, இடையிலே காப்புப்பொருளை நிரப்புவர். வீட்டினுள் எழும் நீராவி சுவருட் புகாதவாறு உட்புறத்தே ஒரு தாளும், மழையை மறித்து ஆவியை வெளிவிடும் மற்றொரு தாளும் வெளிப்புறத்தே அமையும். அதற்கப்பால் வெளிவிட்டுச் சீமெந்துக் கல்லாலேயே புறச்சுவர் எழுப்புதலும் உண்டு. ஆகவே, தெருவில் நின்று நோக்குவார்க்கு இருவகை வீடும் ஒன்றுபோலவே தோன்றும்.

மரச்சட்டகத்தின் முதற்சிறப்பு விரைவு. அத்திவாரம் ஆயத்தமாயின், சட்டகம் சில நாள்களிலே எழுந்துவிடும். கூரையும் விரைவில் ஏறும். உள்வேலை மழைக்கு அஞ்சாது நடைபெறும். ஆனால், இவ்விரைவு இலவசமாகக் கிடைப்பதன்று. கதவும் சாளரமும் எங்கெங்கு வரவேண்டும் என்பதெல்லாம் தொழிற்சாலையில் வேலை தொடங்குமுன் முடிவாதல் வேண்டும். பின்னர் மாற்றுதல் கடினம். அத்திவாரமும் அளவிலும் மட்டத்திலும் சில மில்லிமீற்றருக்கு மேற் பிசகலாகாது. சட்டகம் நிலத்தை வந்தடையுமுன்பே பெருந்தொகையொன்றைச் செலுத்தவும் நேரும்.

சீமெந்துக்கல் வீடு மெல்ல எழுவது. மழையிலும் உறைபனியிலும் வேலை தடைப்படும். சாந்திலும் பூச்சிலும் உள்ள நீர் உலரப் பல மாதங்கள் செல்லும். ஆயினும், வேலை நடக்கும்போதே சிறு மாற்றங்களுக்கு அது இடந்தரும்; பணத்தையும் படிப்படியாகக் கொடுக்கலாம். கனத்த சுவர் ஒலியைத் தடுக்கும். வெப்பத்தை ஏற்று வைத்திருந்து மெல்ல வெளிவிடும். எனவே, பகல் முழுதும் ஆட்கள் உறையும் வீட்டிற்கு அது ஏற்றது. காலையிற் சென்று மாலையில் மீளும் குடும்பத்திற்கோ விரைவிற் சூடேறும் மரச்சட்டக வீடு பயன்தரும். சட்டகத்தின் பாரம் குறைவாதலின், மென்னிலத்திலும் அது நலமுடைத்து.

மரமென்றவுடன் தீயும் உளுத்தலும் நினைவுக்கு வருதல் இயல்பு. தடித்த மரம் தீப்பற்றினும் மேற்புறம் கரியாகி, அக்கரியே உள்ளீட்டைச் சிறிதுநேரம் காக்கும். உட்புறத்து ஜிப்சம் பலகை தீயை மேலும் தாமதிக்கும். எனினும், சுவரிடை வெளியிலே வைக்கவேண்டிய தீத்தடைகளை வையாது விட்டால் தீ மறைவாகப் பரவும். உளுத்தலும் அத்தகையதே. மரத்தின் ஈரம் 20 வீதத்திற்கு மேற்பட்டு நீடித்தாலன்றிப் பூஞ்சணம் அதனை எளிதில் அழிக்க மாட்டாது. நோர்வேயின் ஊர்ணெசு மரத்தேவாலயம் 12ஆம் நூற்றாண்டு முதல் இன்றுவரை நிலைத்து நிற்பது இதற்குச் சான்றாகும்.

1983இல் மரச்சட்டக வீடுகளின் குறைகளை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி எடுத்துக்காட்டியபோது, இங்கிலாந்திலே அவ்வகை வீடுகட்டல் பெரிதுங் குறைந்தது. மக்கள் கல்லையே நம்பினர். ஆனால், கல்லும் ஏமாற்றக்கூடியதே என்பதை அயர்லாந்தின் டொனகோல், மேயோ மாவட்டங்கள் பின்னர் உணர்த்தின. அங்கே ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்களில் வலைபோன்ற வெடிப்புகள் தோன்றின. கையாற் பற்றினாலே உதிருமளவிற்குச் சில கற்கள் நைந்தன. 2017இல் வெளியான வல்லுநர் குழுவின் அறிக்கை, டொனகோலில் மைக்காவும் மேயோவிற் பைரைற்றும் கற்களிற் கலந்திருந்தமையே முதற்காரணமென்றது. பைரோற்றைற்று என்னும் கனிமத்தின் தீங்கினைப் பிற்கால ஆய்வுகள் வற்புறுத்தின. வீட்டை இடித்து மீண்டும் கட்டுவோர்க்கு உதவ 2022இல் தனிச்சட்டமொன்றும் இயற்றப்பட்டது. கடன் தீருமுன்பே வீட்டை இழந்த குடும்பங்களின் துயரத்தைப் பணம் மட்டும் ஈடுசெய்ய வல்லதன்று.

இவற்றை ஒருங்கு நோக்கின் ஓருண்மை புலனாகும். மரம் தாழ்ந்ததும் கல் உயர்ந்ததும் அன்று. இரண்டிலும் கேடு கண்ணுக்கு மறைவான இடத்திலிருந்தே தொடங்குகின்றது. ஆதலின், வீடு கட்டுவோன் பொருளின் பெயரை வினவுதலோடு அமையலாகாது. கல்லின் மூலப்பொருள் எங்கிருந்து பெறப்பட்டது, அது சோதிக்கப்பட்டதா என்று வினவுதல் வேண்டும். சட்டகத்தை அனுப்புமுன் அத்திவாரத்தை அளந்தவர் யார், உட்பலகை மூடுமுன் தாளையும் தீத்தடையையும் பார்வையிடுபவர் யார் என்றும் வினவுதல் வேண்டும். தன் ஊரில் எத்தொழிலிற் கைதேர்ந்தோர் உளர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். இவ்வினாக்களுக்குத் தக்க விடை எவ்வகை வீட்டிற் கிடைக்கின்றதோ, அதுவே அவனுக்கு உரிய வீடாகும்.