புல்வெளியில் ஒரு கூடாரம்: அனுமதிப்பது யார்?

புது தில்லி: இந்திய நிலப்பரப்பில் ஏறத்தாழ 23 சதவீதம் அரசு ஆவணங்களில் வனமாகப் பதிவாகியுள்ளது. அந்த நிலத்தில் மரம் வெட்டினால் என்ன தண்டனை, சுரங்கம் தோண்ட யாருடைய அனுமதி வேண்டும் என்பதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. சரணாலயத்துக்கோ தேசியப் பூங்காவுக்கோ சுற்றுலாவாகச் செல்ல 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதிச் சீட்டு பெற வேண்டும். ஆனால், இவற்றுக்கு வெளியே உள்ள வனத்தில் கூடாரம் அமைத்து இரவு தங்கலாமா, தங்கலாம் என்றால் யார், எத்தனை பேர் என்ற கேள்விக்கு நாடாளுமன்றம் நேரடியாக விடை சொன்னதே இல்லை. அந்த வேலை நீதிமன்றங்களிடமும் அமைச்சகச் சுற்றறிக்கைகளிடமும் போய்விட்டது.

இதன் விளைவை நேரில் அனுபவித்தவர்கள் உத்தரகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்து மக்கள். அங்கு மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே, பனிமலைகளுக்குக் கீழே, பல கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கும் புல்வெளிகளைப் 'புக்யால்' என்கிறார்கள். ஆலி, பேத்னி ஆகிய இரண்டும் அவற்றில் பெயர் பெற்றவை. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் நந்தா தேவி ராஜ ஜாத் யாத்திரை பேத்னி வழியாகத்தான் செல்கிறது. மனித எலும்புகள் கிடக்கும் ரூப்குண்ட் ஏரிக்குச் செல்லும் மலையேற்றப் பாதையும் அதுவே. கோடைதோறும் ஆட்டு மந்தைகளுடன் இடையர்கள் அங்கு ஏறிச் சென்று, பனி விழும் முன்பு இறங்கிவிடுவது தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம்.

ஆண்டில் பாதி நாள் பனிக்குள் புதைந்து கிடக்கும் மண் அது. புல் வளர்வதற்குக் கிடைப்பது சில மாதங்களே. அதே சில மாதங்களில்தான் சுற்றுலாப் பயணிகளும் வருகின்றனர். ஒரே இடத்தில் வாரக்கணக்கில் கூடாரம் நின்றால் அடியில் உள்ள புல் வெளுத்துச் சாகிறது. சுமை ஏற்றி வரும் கோவேறு கழுதைகளின் குளம்படியில் மேல்மண் பெயர்கிறது. அடுத்த மழையில் அங்கு ஓடை விழுகிறது. கழிப்பறைக்காகத் தோண்டிய குழிகளும் பிளாஸ்டிக் குப்பையும் தனிக் கதை. உத்தரகாசி மாவட்டத்தின் தயாரா புக்யாலில் இப்படி அரித்துப்போன சரிவுகளை மீட்கத் தென்னை நார் விரிப்புகளைப் பதிக்க வேண்டிய நிலை வனத்துறைக்கு ஏற்பட்டது.

ஆலி, பேத்னி, பக்ஜி புல்வெளிகளைக் காப்பாற்றக் கோரி 2014-இல் உயர் நீதிமன்றத்தை நாடியது அப்பகுதியின் பாதுகாப்புக் குழுவே. 2018 ஆகஸ்டில் நைனிதாலில் உள்ள உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புக்யால்களில் இரவு தங்கத் தடை; நாளொன்றுக்கு 200 பேருக்கு மேல் அனுமதி இல்லை; நிரந்தரக் கட்டுமானங்களை மூன்று மாதங்களில் அகற்ற வேண்டும்; உள்ளூர் இடையர்கள் தவிர வணிக நோக்கில் மேய்ச்சல் கூடாது. இவையே முக்கிய உத்தரவுகள். அகற்ற வேண்டிய கட்டுமானங்களில் அரசுத் துறையே அமைத்த ஃபைபர் குடில்களும் இருந்தன.

தீர்ப்பின் நோக்கத்தைக் குறை கூற முடியாது. ஆனால், ரூப்குண்டுக்கு ஒரே நாளில் சென்று திரும்ப எவராலும் இயலாது. இரவு தங்கக் கூடாது என்றால் அந்தப் பாதையே மூடப்படுகிறது. வான், லோஹாஜங் போன்ற ஊர்களில் வழிகாட்டியாகவும் சமையல்காரராகவும் கழுதை ஓட்டியாகவும் பிழைத்தவர்கள் மீது அடி விழுந்தது. பெரிய நிறுவனங்கள் வேறு மலைக்குப் போய்விட்டன. கூட்டம் அத்துடன் குறையவில்லை, இடம்தான் மாறியது.

அடுத்த ஆண்டே, 2019 ஜூனில், அதே சமோலி மாவட்டத்தின் ஔலியில் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த இந்திய வம்சாவளித் தொழிலதிபர் குடும்பத்தின் திருமணம் பல நாள்கள் நடைபெற்றது. உயர் நீதிமன்றம் ரூ.3 கோடி வைப்புத்தொகை கட்டச் செய்தது. விழா முடிந்ததும் மிஞ்சியது டன் கணக்கில் குப்பை. இரண்டு பேர் கூடாரத்துக்கு ஒரு நீதி, இரு மணமேடைகளுக்கு ஒரு நீதியா என்று மலைவாசிகள் கேட்டால் அதில் தவறில்லை.

இந்த வட்டாரத்துக்குத் தடைகள் புதியவையல்ல. 1980-களின் தொடக்கத்தில் நந்தா தேவி உள்வட்டம் தேசியப் பூங்காவாக்கப்பட்டு மலையேற்றத்துக்கு மூடப்பட்டது. சுமை தூக்கியும் வழிகாட்டியும் பிழைத்த ரேணி, லாத்தா கிராமங்கள் வருவாயை இழந்தன. 1974-இல் மரங்களைக் கட்டியணைத்துச் 'சிப்கோ' இயக்கத்துக்குப் பெயர் தேடித் தந்தது ரேணியின் பெண்கள்தான் என்பது குறிப்பிடத்தக்கது. காட்டைக் காத்தவர்களையே காட்டுக்கு வெளியே நிறுத்திய அந்த முடிவை எதிர்த்து 1998-இல் லாத்தாவில் 'ஜப்டோ சீனோ' என்ற பெயரில் போராட்டம் வெடித்தது. பிடுங்கு, பறி என்பது அதன் பொருள்.

பிற இடங்களிலும் இதே கதைதான். ரிஷிகேஷ் அருகே கங்கைக் கரை மணலில் முளைத்த முகாம்களை 2015-இல் கட்டுப்படுத்தியது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவை 2012 ஜூலையில் நிறுத்தி, அக்டோபரில் நிபந்தனைகளுடன் திறந்துவிட்டது உச்ச நீதிமன்றம். தமிழகத்திலோ, 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீ 20-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த பிறகுதான் மலையேற்றத்துக்கென விதிகள் வகுக்கப்பட்டன.

நாடாளுமன்றத்துக்கு ஒரு வாய்ப்பு வந்தது

2023 மார்ச் 29-இல் வனப் பாதுகாப்புத் திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமானது. சுற்றுச்சூழல் துறைக்கான நிலைக்குழுவுக்கு அனுப்பாமல், தனியாக ஒரு கூட்டுக் குழுவிடம் அது ஒப்படைக்கப்பட்டது. நிலைக்குழுவின் அன்றைய தலைவர் காங்கிரஸைச் சேர்ந்த ஜெய்ராம் ரமேஷ். அவர் இதை வெளிப்படையாக எதிர்த்தார். கூட்டுக் குழு ஜூலை 20-இல் அறிக்கை தந்தது. மசோதாவில் ஒரு சொல்லைக்கூட மாற்ற அது பரிந்துரைக்கவில்லை. காங்கிரஸ், திரிணமூல் காங்கிரஸ், தி.மு.க. உறுப்பினர்கள் மறுப்புக் குறிப்பு அளித்தனர்.

ஜூலை 26 அன்று மக்களவையில் மசோதா நிறைவேறியது. மணிப்பூர் விவகாரத்தில் அரசுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மான நோட்டீஸை அவைத் தலைவர் ஏற்றுக்கொண்ட அதே நாள் அது. அமளியின் நடுவே வனத்தைப் பற்றிப் பேசியவர்கள் சிலரே. ஆகஸ்ட் 2-இல் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. எதிர்ப்புத் தெரிவித்தவர்களின் கவனம் பெரும்பாலும் எல்லையிலிருந்து 100 கி.மீ.க்குள் வரும் பாதுகாப்புத் திட்டங்களுக்கான விலக்கிலும், சட்டத்துக்குச் சூட்டப்பட்ட 'வன சன்ரக்ஷண் ஏவம் சம்வர்தன் அதினியம்' என்ற ஹிந்திப் பெயரிலும் இருந்தது. இரண்டும் கேட்கப்பட வேண்டிய கேள்விகளே. ஆனால், பிரிவு 2-இல் சேர்ந்த சில சொற்கள் அதிகம் பேசப்படாமலே அவையைக் கடந்தன.

வனச் செயல் திட்டத்திலோ, வன உயிரின மேலாண்மைத் திட்டத்திலோ, புலிகள் பாதுகாப்புத் திட்டத்திலோ இடம்பெற்ற 'சூழல் சுற்றுலா வசதிகள்' இனி வனம் சாராத பயன்பாடு ஆகா என்பதே அச்சொற்களின் பொருள். அதாவது, அவற்றுக்காக மத்திய அரசிடம் முன்அனுமதி பெறத் தேவையில்லை. அந்த வசதிகள் எவை என்று சட்டம் வரையறுக்கவில்லை. இரண்டு நாளில் பிரித்து எடுத்துச் செல்லும் கூடாரமும், குளியலறையும் மின்சாரமும் கொண்ட சொகுசுக் குடிலும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றே. வேறுபாடு காணும் பொறுப்பு விதிகளுக்கும் வழிகாட்டு நெறிகளுக்கும் விடப்பட்டது. அவற்றை அமைச்சகமே எழுதுகிறது, அமைச்சகமே மாற்றுகிறது.

கிராமத்தவருக்கு இதில் இன்னொரு இழப்பும் உண்டு. 2006 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம், மேய்ச்சல் உரிமையையும் நாடோடி இடையர்கள் பருவந்தோறும் வனத்தைப் பயன்படுத்தும் உரிமையையும் ஏற்றுக்கொண்டது. அதைத் தொடர்ந்து 2009 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வன நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கோரும்போது கிராம சபையின் ஒப்புதல் இணைக்கப்பட வேண்டும் என்றது அது. இப்போது சுற்றுலா வசதி என்பது 'வேறு பயன்பாடு' என்ற பட்டியலிலேயே இல்லை. நிலமாற்றக் கோரிக்கை எழாது. எனவே கிராம சபையிடம் கேட்க வேண்டிய கட்டமும் வராது.

2023 டிசம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தை எதிர்த்து, ஓய்வுபெற்ற வன அதிகாரிகள் உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2024 பிப்ரவரி 19-இல் இடைக்கால உத்தரவு வந்தது. 'வனம்' என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என்ற 1996-ஆம் ஆண்டு கோதவர்மன் திருமுல்பாடு வழக்கின் தீர்ப்பைப் பின்பற்றுமாறு அதில் கூறப்பட்டது. (நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டுவது பற்றித் தொடங்கியது அந்த வழக்கு.) வன நிலத்தில் உயிரியல் பூங்காவோ சஃபாரியோ அமைக்கத் தன் முன்அனுமதி வேண்டும் என்றும் நீதிமன்றம் கட்டளையிட்டது. சஃபாரிகள் மீது ஏன் இந்தக் கண்டிப்பு என்பது அடுத்த மாதமே விளங்கியது. கார்பெட் புலிகள் காப்பகத்தின் பாக்ரோவில் 163 மரங்களை வெட்டுவதாகச் சொல்லிவிட்டு 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வெட்டப்பட்டன என்ற மதிப்பீட்டைச் சுட்டிக்காட்டி, மார்ச் 6-ஆம் தேதித் தீர்ப்பில் அரசியல்வாதி - அதிகாரிகள் கூட்டை உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சாடியது.

பிப்ரவரி உத்தரவின் அந்தக் கட்டளை உயிரியல் பூங்காவையும் சஃபாரியையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. சூழல் சுற்றுலா வசதிகளைக் குறிப்பிடவில்லை.

ஆகவே எல்லாம் வனச் செயல் திட்டம் என்ற ஆவணத்தில் வந்து நிற்கிறது. கோட்ட வன அலுவலகத்தில் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தயாராகும் அதற்கு ஒப்புதல் தருவது மத்திய அமைச்சகம். நாடாளுமன்றத்தின் எந்த அவையிலும் அது விவாதத்துக்கு வருவதில்லை. உத்தரகண்டில் 1931-ஆம் ஆண்டு விதிகளில் வேரூன்றிய வனப் பஞ்சாயத்துகள் 11 ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. தங்கள் ஊர்க் காட்டில் யார் எத்தனை நாள் புல் அறுக்கலாம் என்று முடிவு செய்து பழகியவை அவை. மேலே உள்ள புல்வெளியில் எத்தனை கூடாரங்கள் என்பதை முடிவு செய்ய அவற்றின் ஒப்புதலும் தேவை என்று எழுதும் இடம் 2023 திருத்தத்தில் இருந்தது. அது எழுதப்படவில்லை.