எந்த விஜயலட்சுமி?

மகளிர் கல்லூரிகளின் பழைய குரூப் போட்டோக்களில் அடியில் பெயர்கள் அச்சாகியிருக்கும். ‘அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம்’ என்று பேராசிரியைகளில் தொடங்கி, நிற்பவர்களின் முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று போகும். எம்.விஜயலட்சுமி, ஆர்.விஜயலட்சுமி, எஸ்.விஜயலட்சுமி. 1980-களில் பல வகுப்புகளில் இப்படி இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்களைப் பிரித்துக் காட்டியது அந்த ஒற்றை எழுத்து. கல்யாணம் ஆனதும் முதலில் மாறிப்போனதும் அதுதான்.

1988-ல் மதுரை வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல் முடித்த பெண்கள் சில வருடங்களாகத் தங்கள் வகுப்புத் தோழிகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆண்கள் படித்த வகுப்பென்றால் வாட்ஸ்அப் குழு தொடங்கிய வேகத்தில் பாதிப் பேர் வந்து சேர்ந்துவிடுவார்கள். அதே பெயர், அதே இனிஷியல், ஊரில் அதே வீடு. டீக்கடையில் விசாரித்தாலே நம்பர் கிடைத்துவிடும். பெண்களுக்கு அப்பாவின் எழுத்து போய்க் கணவரின் எழுத்து வந்திருக்கிறது. பிறந்த வீடு அண்ணன் தம்பிகளுக்குள் பாகமாகி, விற்றும் போயிருக்கிறது. கேஸ் இணைப்பு, வீட்டு வரி எல்லாம் கணவர் பெயரில். பேஸ்புக்கில் இருந்தாலும் படத்தில் பேரக்குழந்தையோ முருகனோதான் தெரிகிறார்கள்.

இந்தத் தோழிகளுக்குக் கைகொடுத்தவை கல்யாணப் பத்திரிகைகள். பீரோவிலும் டிரங்குப் பெட்டியிலும் கிடந்தவற்றைத் தேடி எடுத்தார்கள். ஓரத்தில் மஞ்சள் தடவிய பழைய பத்திரிகை ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தால்தான் அதில் எவ்வளவு செய்தி இருக்கிறது என்பது தெரியும். மாப்பிள்ளையின் பெயர், பட்டம், வேலை பார்க்கும் இடம், அவருடைய தாத்தா ஊர், ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதன் கீழே தாய்மாமன்கள். ஆர்.விஜயலட்சுமியின் பத்திரிகையில் ஒரு மாமாவின் பெயருக்குப் பக்கத்தில் உரக்கடையின் பெயரும் இருந்தது. கடை இன்றும் அதே ஊரில் நடக்கிறது. மாமாவின் மகன் நம்பர் கொடுத்தார்.

“ஆர்.விஜியா?”

“நான் டி.விஜயலட்சுமி. நீங்க யாரு?”

“லேப்ல பிப்பெட்டை வாய் வச்சு இழுத்து, ஆசிட் பட்டு நாக்கு வெந்துபோச்சே, அந்த விஜிதானே நீ?”

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு, “எங்கடி போயிட்டீங்க எல்லாரும்?” என்று கேட்டு அழ ஆரம்பித்துவிட்டாராம்.

அடுத்த கேள்வி வழக்கமானது. இப்ப என்ன பண்றே? அதற்கு இந்தக் குழுவில் அதிகம் வந்த பதில், “சும்மா வீட்லதான் இருக்கேன்.” இப்படிச் சொன்னவர்களில் ஒருவர் பல்கலைக்கழகத் தேர்வில் ரேங்க் வாங்கியவர். மாமியார் படுக்கையில் கிடந்த வருடங்கள் முழுக்கப் பார்த்துக்கொண்டவர், இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியவர். தெருவில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்கு இவரைத்தான் தேடி வருகிறார்கள், காசு வாங்குவதில்லை. பட்டச் சான்றிதழ் லேமினேட் செய்யப்பட்டு நிலப் பத்திரங்களோடு பத்திரமாக இருக்கிறது. ஒருநாளும் அதை எங்கும் நீட்ட வேண்டி வந்ததில்லை. இத்தனை உழைப்புக்கும் ‘சும்மா’ என்று பெயர் வைக்க இவரைப் பழக்கியவர்கள் மீது எனக்குக் கோபம்தான் வருகிறது.

இன்னொரு நம்பரில் மகள் எடுத்தாள். “அம்மா இறந்து பதினோரு வருஷம் ஆச்சு, ஆன்ட்டி.” என்ன சொல்வதென்று தெரியாமல் வைக்கப் போனவரை அந்தப் பெண்ணே நிறுத்தினாள். “அம்மா காலேஜ்ல எப்படி இருப்பாங்க?” அன்று இரவு முழுக்க அவளுக்கு வாய்ஸ் மெசேஜ் போய்க்கொண்டே இருந்தது. உங்கம்மா ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்று பாடினால் வார்டன்கூடத் திட்டாமல் கேட்பார். உங்கம்மா த்ரோபால் டீம் கேப்டன். உங்கம்மா பரீட்சைக்கு முதல் நாள் தன் நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு தூங்கப் போனாள். அம்மாவை அடுப்படியில் மட்டுமே பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு இவையெல்லாம் வேறு எங்கே கிடைத்திருக்கும்?

தேடப்பட்டவர்கள் எல்லாரும் கிடைக்க விரும்பினார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவர் சேர்த்த அன்று மாலையே குழுவிலிருந்து விலகினார். மறுபடி யாரும் சேர்க்கவில்லை, காரணமும் கேட்கவில்லை. நெருங்கிய தோழி ஒருத்தி மட்டும் அவ்வப்போது தனியாகப் பேசுகிறாள். பிள்ளைகளின் சம்பளம், மகளுக்கு எப்போது கல்யாணம், இந்த இரண்டையும் குழுவில் கேட்கக் கூடாது என்று பிறகு எல்லாரும் பேசி முடிவு செய்தார்கள். நல்ல முடிவு.

பழைய மாணவிகள் ஒன்றுசேர்ந்தால் அது வெறும் மலரும் நினைவுகளோடு நிற்பதில்லை. 1914-ல் தொடங்கிய சென்னையின் முதல் மகளிர் கல்லூரியான ராணி மேரிக் கல்லூரி இருக்கும் இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டப்படும் என்று 2003-ல் அறிவிப்பு வந்தபோது, மாணவிகள் வளாகத்தை விட்டு வெளியேற மறுத்துப் போராடினார்கள். முன்னாள் மாணவிகளும் அவர்களோடு நின்றார்கள். கடைசியில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. கடற்கரைச் சாலையில் அந்தக் கல்லூரி இன்றும் நடக்கிறது.

கல்லூரிக்குள் வரும் பெண்களைப் பற்றி நம்மிடம் கணக்கு இருக்கிறது. 2021-22 கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். தேசிய அளவில் 28.4. இங்கே பெண்களின் விகிதம் ஆண்களைவிடச் சற்றே அதிகம். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. உள்ளே வருகிற பெண்களைப் பற்றி இவ்வளவு கவனம் இருக்கிறது. வெளியே போனவர்களைப் பற்றிக் கல்லூரிகளிடம் என்ன இருக்கிறது? கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் தொடர்புக்கும் மதிப்பெண் உண்டு. மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்றதும் அவசரமாக ஆள் திரட்டும் கல்லூரிகள் இருக்கின்றன. டி.சி. கொடுக்கும் நாளில் மாணவியின் நம்பரோடு தம்பியின் நம்பர், சித்தி வீட்டு முகவரி, இரண்டு தோழிகளின் பெயர் என்று ஒரு பக்கம் எழுதி வாங்கி வைத்தால் போதும். அதற்குப் பெரிய செலவொன்றும் இல்லை.

மதுரைத் தோழிகள் அடுத்த சந்திப்புக்குத் தயாராகிறார்கள். கொடைக்கானல் ரிசார்ட்டில் இரண்டு நாள் தங்கலாம் என்று அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் சொன்னார். இரவு தங்க வீட்டில் கேட்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள், ஐயாயிரம் ரூபாய் புரட்ட முடியாதவர்களும் இருக்கிறார்கள் என்று மற்றவர்கள் மறுத்துவிட்டார்கள். கல்லூரி அரங்கிலேயே, இரண்டாம் சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு. உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் போகிறவர்கள் இருட்டுமுன் வீடு சேர வேண்டும் என்பதால் மூன்று மணிக்கு முடிப்பது. தலைக்கு இவ்வளவு என்று வசூல் கிடையாது, முடிந்தவர்கள் முடிந்ததைத் தருவது. இறந்துபோன தோழியின் மகளையும் அழைத்திருக்கிறார்கள். பெங்களூரிலிருந்து வரும் அவள் முதல் நாள் இரவு யார் வீட்டில் தங்குவது என்பதில்தான் இப்போது குழுவில் போட்டி.