உங்களுக்குத் தெரியுமா? சாயம் ஏற்றுவதைவிட அலசத்தான் அதிகத் தண்ணீர்!

திருப்பூர் பனியன் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் முழுவதும் பருத்தியில் பிடிப்பதில்லை. ஒரு பகுதி தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகி, நூலின்மேல் சும்மா படிந்திருக்கும். அதை அலசி எடுக்காவிட்டால், வீட்டில் முதல் துவைப்பிலேயே பக்கத்து வெள்ளைச் சட்டையில் ஏறிவிடும். இந்த அலசலுக்குத்தான் தண்ணீர் கொட்டுகிறது.

இதில் உப்பைக் கவனிக்க வேண்டும். சாயத்தை நூலில் ஏற்றப் போடும் அதே உப்பு, அலசும்போது வேண்டாத சாயத்தையும் விடாமல் பிடித்துக்கொள்கிறது. முதலில் உப்பைப் போக்கிவிட்டு, பிறகு கொதிநிலையை ஒட்டிய சூட்டில் அலசினால் சாயம் சீக்கிரம் கழன்றுவரும். அலசும் தடவைகள் குறையும். கடைசி அலசலின் தெளிந்த நீர் அடுத்த துணியின் முதல் அலசலுக்கு ஆகும்.

அலசிய நீரோடு ஆற்றில் விட்ட உப்பு எங்கும் போய்விடாது. நொய்யல் ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, வயலையும் கிணற்றையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். இப்போது ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்து, தண்ணீரையும் உப்பையும் மீட்டு மறுபடி சாயமேற்றவே பயன்படுத்துகிறார்கள். குறைந்த உப்பில் ஏறும் சாயங்களும் உண்டு. அவற்றுக்கு மாறுவதே இன்னும் நல்லது. மீட்கவேண்டிய உப்பே குறைந்துவிடும்.