64 பைட்டில் ஒரு பாகப்பிரிவினை

"அண்ணே, டி டிரைவ் போயிருச்சு. அக்கா கல்யாண போட்டோ மொத்தமும் அதுலதான் இருந்துச்சு."

பக்கத்துத் தெருத் தம்பி லேப்டாப்பைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு வந்து நின்றான். விண்டோஸை மறுபடி போட உட்கார்ந்திருக்கிறான். எந்த இடத்தில் போடுவது என்று கேட்கும் திரையில் இருந்த பார்ட்டிஷன்களை ஒவ்வொன்றாக டெலீட் செய்துவிட்டான். மிஞ்சியது ஒரே ஒரு வரி: 465 ஜிபி, ஒதுக்கப்படாத இடம். அதைப் பார்த்ததும் பயந்துபோய் அங்கேயே நிறுத்திவிட்டான். அந்தப் பயம்தான் போட்டோக்களைக் காப்பாற்றியது.

ஹார்ட் டிஸ்க்கைப் பிரிப்பது என்றால் உள்ளே சுழலும் தகட்டில் ஏதோ கோடு விழும் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் விழுவதில்லை. டிஸ்க் முழுக்க வரிசை எண் போட்ட அறைகள். அறைக்கு 512 பைட். செக்டார் என்று பெயர். 500 ஜிபி டிஸ்க்கில் இப்படி ஏறக்குறைய 98 கோடி அறைகள். 'இந்த எண்ணில் தொடங்கி இத்தனை செக்டார் சி டிரைவ், அதற்கடுத்து டி டிரைவ்' என்று எழுதிவைத்த குறிப்புதான் பார்ட்டிஷன். அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பங்கு பிரிக்கும்போது மண் இடம் மாறுவதில்லை, பத்திரத்தில் எல்லை ஏறுகிறது. இதுவும் பாகப்பிரிவினைதான்.

அந்தப் பத்திரம் இருப்பது 0 என்று எண்ணிட்ட முதல் செக்டாரில். 1983இல் 10 எம்பி ஹார்ட் டிஸ்க்குடன் ஐபிஎம் பிசி எக்ஸ்டி வந்தபோது, அதனுடன் வந்த டாஸ் 2.0 கொண்டுவந்த ஏற்பாடு இது. எம்பிஆர் என்பார்கள். செக்டாரின் முதல் 446 பைட், கணினியை எழுப்பிவிடும் சின்ன நிரல். கடைசி 2 பைட், 'இது பூட் ஆகக்கூடிய டிஸ்க்' என்பதற்கான முத்திரை. இடையில் உள்ள 64 பைட்தான் பத்திரம். பங்குக்கு 16 பைட் வீதம் நான்கு பங்கு. 'பாகப்பிரிவினைப் பத்திரம்' என்ற இரண்டு சொற்களை யுடிஎஃப்-8 முறையில் எழுதிச் சேமித்தாலே 70 பைட் ஆகிவிடும். 500 ஜிபிக்கு உரிய முழு எல்லைக் கணக்கும் அதைவிடச் சிறிய இடத்தில் இருக்கிறது!

ஒரு பங்கை அருகில் வைத்துப் பார்ப்போம். முதல் பைட்டில் 80 என்று இருந்தால், இந்தப் பங்கிலிருந்துதான் கணினி எழ வேண்டும். ஐந்தாவது பைட் 07 என்றால் அது பெரும்பாலும் விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வகை. 83 என்றால் லினக்ஸ். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை 00 08 00 00 என்று இருக்கும். இதைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். பதினாறடிமான எண்ணில் 800, நம் கணக்கில் 2048. அதாவது 2048ஆம் செக்டாரில் பங்கு தொடங்குகிறது. 512ஆல் பெருக்கினால் 10,48,576 பைட். சரியாக ஒரு எம்பி தள்ளி முதல் எல்லைக்கல். அடுத்த நான்கு பைட், பங்கின் நீளம்.

தம்பியின் டிஸ்க்கை, பென் டிரைவிலிருந்து லினக்ஸை எழுப்பித் திறந்து பார்த்தேன். அந்த 64 பைட்டும் வரிசையாகப் பூஜ்யம். டெலீட் என்ற பொத்தான் செய்த வேலை அவ்வளவுதான். பத்திரம் கிழிந்திருந்தது, வயலில் பயிர் அப்படியே நின்றது.

எல்லையைத் திரும்பக் கண்டுபிடிப்பது எப்படி? ஒவ்வொரு என்டிஎஃப்எஸ் பங்கும் தன் முதல் செக்டாரிலேயே தன் வகையின் பெயரையும் தன் நீளத்தையும் எழுதிவைத்திருக்கும். அதே செக்டாரின் நகல் ஒன்று பங்கின் கடைசியிலும் இருக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கை அலசி இந்த எல்லைக்கற்களைத் தேடிப் பிடிக்கிறது. தேடுவதற்குத்தான் நேரம் பிடித்தது. கிடைத்த எண்களைப் பத்திரத்தில் திரும்ப எழுத ஒரு நொடிகூட ஆகவில்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டதும் டி டிரைவ் வந்தது. மணமேடையில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் நிறுத்தாமல் அடுத்த பொத்தானையும் அழுத்தியிருந்தால் கதை வேறு. புது விண்டோஸ் எந்த செக்டாரில் தன்னை எழுதிக்கொள்கிறதோ, அங்கே இருந்த பழையது திரும்பாது. வெறும் குயிக் ஃபார்மட் என்றால்கூட நம்பிக்கை உண்டு. அது கோப்புகளின் பட்டியலைத்தான் புதிதாகத் தொடங்குகிறது, கோப்புகளின் மேல் கை வைப்பதில்லை.

இப்போதைய கணினிகளில் ஜிபிடி என்ற வேறு வகைப் பத்திரம். பழைய முறையில் செக்டார் எண்ணுக்கு 32 பிட்தான் இடம், அதனால் சுமார் 2 டிபிக்கு மேல் டிஸ்க்கை அளக்க வழியில்லை. ஜிபிடியில் 64 பிட். விண்டோஸில் 128 பங்குவரை பிரிக்கலாம். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, டிஸ்க்கின் தலைமாட்டில் ஒரு பத்திரமும் கால்மாட்டில் அதன் நகலும் இருப்பது. ஒன்று கெட்டால் இன்னொன்றை வைத்துச் சரிசெய்யலாம். பழைய மென்பொருள் எதுவும் 'வெற்று டிஸ்க்' என்று ஏமாந்து கை வைத்துவிடாமல் இருக்க, முதல் செக்டாரில் எம்பிஆர் வடிவில் 'இடம் முழுக்க ஆள் இருக்கிறது' என்று ஒரு பலகையும் மாட்டியிருக்கும்.

ஆனால் எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் இந்தத் தம்பியின் கதையை நம்பிக் கையைப் பிசகவிடக் கூடாது. அங்கே ஃபார்மட் செய்யும்போது விண்டோஸ் ட்ரிம் என்ற கட்டளையை அனுப்புகிறது. இந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்று தெரிந்ததும், எஸ்எஸ்டி தனக்குத் தோதான நேரத்தில் உள்ளே இருப்பதைத் தானே துடைத்துவிடும். எல்லைக்கல் தேடப் போகும்போது வயலே உழுது கிடக்கும்.

தம்பியுடையது சுழலும் டிஸ்க். முதல் வேலையாக போட்டோக்களை வெளியே ஒரு டிஸ்க்குக்கு நகல் எடுத்தோம். சி, டி என்று எத்தனை பங்கு போட்டாலும் டிஸ்க் ஒன்றுதானே, அது பழுதானால் எல்லாம் சேர்ந்துதான் போகும். டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் கிடந்தவற்றையும் அள்ளிக்கொண்டோம். அவை இருப்பது சி டிரைவில் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு மறுபடி அதே திரை. இந்த முறை அவன் சி டிரைவ் வரியை மட்டும் தேர்ந்தெடுத்தான். அதன் அளவை வாய்விட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "இதானேண்ணே?" என்று கேட்டு, அப்புறம்தான் ஃபார்மட்டை அழுத்தினான்.