இடம் மாறிய ஒளி

கலம் என்பது கப்பலையும், கரைதல் என்பது அழைத்தலையும் குறிக்கும். கலங்களைக் கரைநோக்கி அழைப்பதால் கலங்கரை விளக்கம் எனப் பெயர் பெற்றது. இரவில் உயர்ந்த மாடத்தில் ஏற்றப்பட்ட இவ்விளக்கைப் பெரும்பாணாற்றுப்படை குறிப்பிடுகிறது.

சென்னைக் கடற்கரைக்கு இயற்கைத் துறைமுகம் வாய்க்கவில்லை. முற்காலத்தில் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. மக்களும் சரக்குகளும் படகுகளில் அலைகளைக் கடந்து கரைசேர நேர்ந்தது. இத்தகைய கரையை இருளில் நெருங்கும் மாலுமிக்கு ஒளியே காப்பு. எனவே, 1796இல் புனித ஜார்ஜ் கோட்டையில், இன்று அருங்காட்சியகமாக உள்ள கட்டடத்தின் மேல் விளக்கு அமைக்கப்பட்டது. தேங்காய் எண்ணெய் விளக்குகள் அங்கு எரிந்தன. 1844இல் அவ்வொளி, இன்றைய உயர்நீதிமன்ற வளாகத்திலுள்ள கருங்கல் தூணுக்கு மாறியது. 1894இல் உயர்நீதிமன்றக் குவிமாடத்தை அடைந்தது. 1977இல் மெரினாவில் எழுந்த கோபுரத்திற்கு வந்தது.

விளக்கை உயரத்தில் வைப்பதற்குப் புவியின் வளைவே காரணம். கடல்மட்டத்திலிருந்து நோக்குவோருக்கு, 10 மீட்டர் உயரத்திலுள்ள விளக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வரையே தெரியும். தொலைவு இருமடங்காக வேண்டுமெனில், உயரம் நான்கு மடங்காக வேண்டும்.

உயரம் மட்டும் போதாது. எத்திசையும் சிதறும் ஒளியைக் கண்ணாடி வில்லைகள் ஒரே கற்றையாகத் திரட்டுகின்றன. வில்லைத் தொகுதி சுழல்வதால் அக்கற்றை குறித்த இடைவெளியில் மின்னி மறைகிறது. அருகருகே உள்ள விளக்கங்களின் மின்னல் முறை வேறுபடுவதால், தாம் காணும் கரை எதுவென மாலுமிகள் அறிகின்றனர்.

இன்று செயற்கைக்கோள்கள் வழிகாட்டுகின்றன. எனினும், கப்பலின் கருவிகள் பழுதுறும் இரவில், கண் ஒன்றையே நம்பும் மாலுமிக்குக் கரையிலிருந்து விடை தருவது இவ்வொளியே.