தோல்விக்குக் கிடைக்கும் சலுகை

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடரில், 2024-25 பருவத்தில் ஒக்லஹோமா சிட்டி தண்டர் அணி 82 ஆட்டங்களில் 68-ஐ வென்றது. இறுதிச் சுற்றில் இண்டியானா பேசர்ஸை 4-3 என வீழ்த்திக் கோப்பையையும் கைப்பற்றியது. நியூயார்க், லாஸ் ஏஞ்சலீஸ் அணிகளின் வருவாய்ச் சந்தை இந்நகருக்கு இல்லை. பிறகு எப்படி வென்றது?

ஊதிய வரம்பு பணபலத்தைக் கட்டுப்படுத்துகிறது. புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் பின்தங்கிய அணிகளுக்கே முன்னுரிமை. 2021-22-இல் 24 ஆட்டங்களை மட்டுமே வென்ற தண்டருக்கு, இரண்டாம் தேர்வாக செட் ஹோம்கிரன் கிடைத்தார்.

தோல்விக்குச் சலுகை உண்டெனில், தோல்வியை விரும்பும் அணிகளும் தோன்றும். இழப்பு, பணம் செலுத்திக் காணவரும் ரசிகருக்கே. எனவேதான் 2019 முதல், கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் தேர்வுக்கான குலுக்கல் வாய்ப்பு தலா 14 விழுக்காடாகச் சமன்செய்யப்பட்டது. நலிந்தோருக்குக் கைகொடுக்கும் விதி, நலிவையே இலாபமாக்கிவிடலாகாது.